காளி தூக்கிய பிள்ளை

கரண்டியால் ஊற்றிய தண்ணீர் கடைவாயால் வழிந்து தலையணையை நனைத்தது. றஞ்சிதா துவாய் நுனியால் துடைத்துவிட்டு இன்னொரு கரண்டி எடுத்தாள். இம்முறை அம்மாவின் தொண்டை ஒருதரம் ஏறி இறங்கியது.

“காணும், போதும்” என்றாள் தவமணி. கண்ணைத் திறக்கவில்லை. “அமிர்தத்தைக் கூட்டிக்கொண்டு வா.”

றஞ்சிதாவின் கை கோப்பைக்கு மேல் அப்படியே நின்றது.

“ஆரையம்மா?”

“உனக்குக் கேட்டது.”

கட்டிலின் கால்மாட்டில் இருந்த வள்ளிநாயகி நிமிர்ந்து பார்த்தாள். அவள் காளி கோயில் பூசாரியாரின் மனைவி. பெரியாஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கோ என்று அனுப்பிய நாளிலிருந்து பகலில் வந்து இருந்துவிட்டுப் போகிறாள். அவளுக்கும் கேட்டிருந்தது. அமிர்தநாயகத்தின் பெயரைத் தவமணி தன் வாயால் சொல்லி அந்த வீட்டில் வெகுகாலமாக எவரும் கேட்டதில்லை. அந்த ஆளைக் குறிப்பிட வேண்டி வந்தால் ‘தலையாட்டி’ என்றுதான் சொல்வாள்.

முற்றத்தில் றஞ்சிதாவின் கணவன் சிவரூபன் பனையிலிருந்து வேப்பமரத்துக்குத் தறப்பாள் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். வெயிலுக்கு என்று சொல்லியிருந்தான். எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். சோழகக் காற்று தறப்பாளை உதறி உதறி அடித்தது. மணல் கதவிடுக்கால் உள்ளே வந்து தரையில் வரிவரியாகப் படிந்தது.

வள்ளிநாயகி எழுந்து வந்து றஞ்சிதாவைக் குசினிக்குள் கூட்டிப்போனாள்.

“போய்க் கூட்டிக்கொண்டு வா, பிள்ளை. உசிர் அங்கைதான் கொழுவி நிக்குது. அம்மாளாச்சிக்கு முன்னாலை நிண்டு சொன்ன சொல்லு. சொன்னவதான் மீட்க வேணும்.”

“மீட்கத்தான் கூப்பிடுறாவோ?”

“சாகக் கிடக்கிறவ வேறை என்னத்துக்குக் கூப்பிடப் போறா?”

வள்ளிநாயகி குடத்து மூடியைச் சரிசெய்தாள்.

றஞ்சிதா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினாள். சிவரூபன் ஓட்டோவில் கொண்டுபோய் விடவா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். நடந்து போனால் கொஞ்ச நேரம் கிடைக்கும்.

யுத்தம் முடிவதற்கு முந்திய காலத்தில் ஒரு காலை இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்தது. ஆண்கள் எல்லாரையும் பள்ளிக்கூட வளவுக்கு வரும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வளவின் நடுவே ஒரு வாகனம் நின்றது. அதன் பின்பக்கத்தில் ஒருவன் இருந்தான். தலையில் கழுத்துவரை சாக்கு. சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அப்படிக் கொண்டுவந்து இருத்தப்படுகிறவனைச் சனம் தலையாட்டி என்று சொல்லும். ஆண்கள் வரிசையாக அவன் முன்னால் நடந்தார்கள். சாக்கு அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். தவமணியின் மகன் நிரோஜன் போனபோது சாக்கு மேலும் கீழும் அசைந்தது.

பெண்கள் கம்பிவேலிக்கு வெளியே நின்றார்கள். தவமணி வேலியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாள். மகனை அவர்கள் வேறாக நிறுத்தியபோது அவள் கத்தவில்லை. சாக்குக்குள் இருந்தவன் வாகனத்தின் படியில் வைத்திருந்த காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கால். சின்னவிரல் இல்லை.

அமிர்தநாயகம் அவள் புருஷனோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவன். திருக்கை முள் குத்திப் புண் புரையோடி விரலை எடுத்தபோது மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அந்தக் காலுக்குக் கட்டியவள் தவமணிதான். புருஷன் இறந்த பிறகும் பிடிபட்டதில் பங்கு மீன் கொண்டுவந்து கொடுத்தவன் அவன். அக்கா, அக்கா என்று வாசலில் நின்று கூப்பிடுகிறவன்.

அன்றைக்கு அம்மாவின் பக்கத்தில் நின்ற றஞ்சிதா சாக்கை மட்டும்தான் பார்த்தாள். காலைப் பார்க்கவில்லை. பிறகு எத்தனையோ தரம் கண்ணை மூடி அந்த வாகனத்தை நினைத்துப் பார்த்திருக்கிறாள். படி தெரியும். படியில் ஒன்றும் இருக்காது.

நிரோஜன் திரும்பி வரவில்லை. முகாம்களுக்குப் போனார்கள், அரசாங்கக் கந்தோர்களுக்குப் போனார்கள், விசாரணைக்கு வந்தவர்களிடம் படத்தைக் காட்டினார்கள். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை தவமணி பனங்கூடலுக்குள் இருந்த பத்திரகாளி கோயிலுக்குப் போனாள்.

அதுவரை அவள் அந்தக் கோயிலுக்குள் நின்று முகம் பார்த்துக் கும்பிட்டவள் அல்ல. பயம். நேர்த்தி என்றால் திருக்கேதீஸ்வரத்துக்குப் போய்விடுவாள். அங்கே கௌரி அம்பாளுக்குச் சாந்தமான முகம். இந்தக் காளிக்கு எட்டுக் கை. வெளியே நீண்ட நாக்கு, கோரைப்பல், நெருப்புமாதிரி எழும்பி நிற்கிற தலைமயிர். ஒரு கையில் சூலம், ஒரு கையில் வாள், ஒரு கையில் இரத்தம் ஏந்துகிற கபாலம். இன்னொரு கையில் தாருகன் என்ற அசுரனின் தலையை மயிரில் பிடித்துத் தூக்கியிருப்பாள். தலைக்குப் பெரிய மீசை. கண் திறந்தபடி.

தவமணி அன்று கொண்டையை அவிழ்த்தாள். பிள்ளை வந்த பிறகுதான் முடிவேன் என்றாள். கோயில் வாசல் மண்ணை ஒரு கை அள்ளினாள்.

“என்ரை பிள்ளைக்கு ஆட்டின தலை ஆடிக்கொண்டே இருக்க வேணும். தின்னேக்கையும் ஆட வேணும், படுக்கேக்கையும் ஆட வேணும். அவன் மன்றாடேக்கையும் ஆட வேணும். நீ பொம்பிளையெண்டால் செய்து காட்டு.”

மண்ணை எறிந்துவிட்டு, மடியிலிருந்து ஒரு சின்னச் சாக்குத்துண்டை எடுத்தாள். பையாகத் தைத்திருந்தாள். இரண்டு ஓட்டை போட்டிருந்தாள். காளியின் கையில் தொங்கிய அசுரன் தலைக்கு அதை மாட்டிவிட்டாள். பூசாரியார் அன்று பின்னேரமே கழற்றி எறிந்தார். அடுத்த வெள்ளி இன்னொன்று தைத்துக்கொண்டு வந்தாள். அவர் கழற்றக் கழற்ற அவள் மாட்டினாள். பிறகு அவர் விட்டுவிட்டார்.

இரண்டு மாரி கழிந்தது. ஒரு ஞாயிறு தேவாலயப் பூசையில் அமிர்தநாயகம் நற்கருணை வாங்க வாயைத் திறந்தபோது தலை நிற்கவில்லை. பங்குச் சுவாமியாரின் கை அப்பத்தோடு காத்து நின்றது. சனம் எல்லாம் பார்த்தது. தலை மேலும் கீழும், மேலும் கீழும், ஓம் ஓம் என்று ஒத்துக்கொள்வதுபோல ஆடியது. நரம்பு வருத்தம் என்று டொக்டர்மார் சொன்னார்கள். குளிசை கொடுத்தார்கள். ஆட்டம் நிற்கவில்லை.

அதன் பிறகு தவமணியைக் கண்டால் சனம் வழிவிட்டு நின்றது. சில பெண்கள் வாசல் படலையில் வந்து, “அக்கா, எனக்காகவும் ஒருக்கால் போய்ச் சொல்லுங்கோ” என்று அழுதார்கள். வேறு சிலர் அவள் வருவதைக் கண்டால் கைப்பிள்ளையை முந்தானையால் மூடினார்கள். கல்யாண வீட்டுக்கு யாரும் சொல்வதில்லை. றஞ்சிதாவுக்கு வந்த சம்பந்தங்கள் தோட்டவெளிச் சந்தியோடு விசாரித்துத் திரும்பிப் போயின. அடம்பனிலிருந்து சிவரூபன் வந்து கேட்டபோது அவளுக்கு நரை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

வருஷப் பொங்கலுக்குப் பூசாரியார் காளியின் கதையைப் பாடுவார். தாருகனை வெட்டிய பிறகும் அவள் கோபம் அடங்கவில்லை. எதிரே வந்ததையெல்லாம் வெட்டினாள். தேவர்கள் நடுங்கிப்போய்ச் சிவனிடம் ஓடினார்கள். சிவன் ஒரு பச்சைப் பிள்ளையாகிச் சுடலையில் கிடந்து வீரிட்டு அழுதார். வெறியோடு வந்த காளி அழுகுரலைக் கேட்டு நின்றாள். வாளைக் கீழே போட்டாள். பிள்ளையைத் தூக்கி முலை கொடுத்தாள். பிள்ளை பாலோடு சேர்த்து அவளுடைய கோபத்தையும் குடித்துவிட்டது. அந்த இடம் வரும்போது பெண்கள் எல்லாரும் கண்ணைத் துடைப்பார்கள். தவமணி மட்டும் எழும்பிப் போய்விடுவாள்.

ஒருமுறை றஞ்சிதா ஏன் என்று கேட்டாள்.

“அவளுக்குச் சுடலையிலையாவது ஒரு பிள்ளை கிடந்து அழுதுது” என்றாள் தவமணி. “எனக்கு ஆர் கிடக்கினம்?”

அமிர்தநாயகத்தின் வீடு கரைப்பக்கம். வீட்டின் முன்னால் வலையை விரித்து, பெற்றிசியா கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். றஞ்சிதாவைக் கண்டதும் குனிந்த நிலையிலேயே நின்றாள். பிறகு மெல்ல நிமிர்ந்து இடுப்பில் கையை ஊன்றினாள்.

“முடிஞ்சுதோ?”

“இல்லை மாமி. மாமாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுறா.”

பெற்றிசியாவின் முகம் இறுகியது. “என்னத்துக்கு? இன்னும் சொல்ல என்ன மிச்சம் கிடக்குது? உன்ரை கொம்மா எறிஞ்ச மண் எங்கட கஞ்சிக்குள்ளையும் விழுந்தது, பிள்ளை. எங்கட மகள் டினோஜாவைக் கட்டினவன், தேப்பன்ரை தலையைப் பாத்துப்போட்டுக் கதையைக் கேட்டுப்போட்டு, விட்டிட்டுப் போனான். கரையிலை ஒருத்தரும் இவரை வள்ளத்திலை ஏத்துறதில்லை. அண்டைக்கு அவர் கடலிலை நிண்டவர் எண்டு சொல்லிச் சொல்லி என்ரை வாய் காஞ்சு போச்சு.”

றஞ்சிதா வெயிலில் நின்றாள்.

“வாறன்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அமிர்தநாயகம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரிய உடம்பு சுருங்கிச் சட்டைக்குள் தொங்கியது. தலை ஆடிக்கொண்டிருந்தது.

“உங்களுக்கு விசரே?” என்றாள் பெற்றிசியா. “இப்ப போனா ஒத்துக்கொண்டமாதிரி.”

“போகாட்டி?”

பெற்றிசியா உள்ளே போய் அவருடைய நல்ல சட்டையை எடுத்துவந்தாள். பொத்தானைப் போட்டுவிட்டாள்.

பெற்றிசியா ஒரு பக்கமும் றஞ்சிதா மறுபக்கமுமாகப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். வீதியின் நடுவே இரண்டு கழுதைகள் அசையாமல் நின்றன. சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. பனங்கூடலுக்குள் பாதை பிரிகிற இடத்தில் பெற்றிசியா வழக்கம்போலத் தெருப்பக்கம் திரும்பினாள். அவர் திரும்பவில்லை.

“இதாலை போவம். கிட்ட.”

கோயில் பூட்டியிருந்தது. கம்பிக்கதவுக்கு ஊடாகக் காளி தெரிந்தாள். செவ்வரத்தம்பூ மாலை வாடிக் கறுத்துக் கிடந்தது. அமிர்தநாயகம் கதவுக்கு முன்னால் நின்றார். காளியின் கண்ணை அவர் பார்க்கவில்லை. அந்தக் கையில் தொங்கியதைத்தான் பார்த்தார். சாக்கு புதிதாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்திய வெள்ளி தவமணி தைத்தது.

“நான் இதை ஒருநாளும் பாக்கேல்லை” என்றார். “சொல்லக் கேட்டனான்.”

பெற்றிசியா சிலுவை போட்டுக்கொண்டு அவரை இழுத்தாள்.

வீட்டு வாசலில் அவர் செருப்பைக் கழற்றினார். றஞ்சிதா குனிந்து பார்த்தாள். சின்னவிரல் இருந்த இடத்தில் வழவழப்பாகத் தோல் மூடியிருந்தது. மணல் ஒட்டியிருந்தது. வயதான ஒரு மனிதனின் கால். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

வள்ளிநாயகி எழுந்து சுவரோடு ஒதுங்கினாள். கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்கள். அமிர்தநாயகம் உட்கார்ந்தார். பெற்றிசியா உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

தவமணி கண்ணைத் திறந்தாள். வெள்ளை மயிர் தலையணை முழுதும் விரிந்து கட்டில் ஓரத்தால் தொங்கியது. நோயில் முகம் ஒடுங்கிப் பல் வெளியே தெரிந்தது. நீண்ட நேரம் அவரையே பார்த்தாள்.

“கிழண்டிப் போனாய்” என்றாள்.

“ஓமக்கா.”

“நீதானே?”

“இல்லையக்கா. மாதாவாணை நானில்லை.”

சொல்லும்போது தலை மேலும் கீழும் ஆடியது. வாய் இல்லை என்றது. தலை ஓம் என்றது. இரண்டையும் ஒரே முகத்தில் பார்த்துக்கொண்டு தவமணி கிடந்தாள். அவர் அதை உணர்ந்தவர்போல இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சொன்னார்.

“நானில்லை.”

கைகளும் சேர்ந்து ஆடின.

“கிட்ட வா.”

அவர் குனிந்தார். தவமணி கைகளைத் தூக்கினாள். தண்ணீர்க் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியாமல் இருந்த கைகள். அவருடைய தலையை இரண்டு பக்கமும் பிடித்தாள். றஞ்சிதா கட்டில் சட்டத்தைப் பற்றிக்கொண்டாள். அம்மா என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கு விளங்கவில்லை. தவமணி பிடித்து நிறுத்தத்தான் பார்த்தாள். புறங்கையில் நரம்பு புடைத்தது. தலை நிற்கவில்லை. அவளுடைய கைகளையும் சேர்த்துக்கொண்டு ஆடியது.

“நிக்குதில்லை” என்றாள்.

“நிக்காதக்கா. நித்திரையிலை மட்டும்தான் நிக்கும் எண்டு மனுசி சொல்லுது. நான் அதைக் கண்டதில்லை.”

“ஆர் எண்டதை விடு.” தவமணிக்கு மூச்சு வாங்கியது. “பிள்ளையை எங்கை கொண்டுபோனவங்கள்? அதை மட்டும் சொல்லு. உனக்குத் தெரியுமோ?”

“தெரியாதக்கா.”

தலை ஆடியது.

“தெரியுமோ?”

“எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது.” அவர் அழத் தொடங்கினார். குரல் உடைந்து, மூக்கு ஒழுகி, வயதையும் இடத்தையும் மறந்து விம்மினார். வாசலில் பெற்றிசியாவின் முதுகு ஒருதரம் குலுங்கியது. வள்ளிநாயகி இரண்டு கையையும் கூப்பி, “அம்மாளாச்சி, அம்மாளாச்சி” என்று முணுமுணுத்தாள். அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று றஞ்சிதாவுக்குத் தெரிந்தது. அவளும் அதற்குத்தான் காத்திருந்தாள். அம்மாவின் கை இன்னும் அந்தத் தலையில்தான் இருந்தது. இனி ஒரு சொல்தான்.

தவமணி கைகளை எடுத்துக்கொண்டாள். மெல்லச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினாள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. பிறகு பெற்றிசியா உள்ளே வந்து, யாரையும் பாராமல், அவர் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப்போனாள். வள்ளிநாயகி அவர்களைப் படலைவரை விடப் போனாள்.

றஞ்சிதா கட்டிலின் மறுபக்கம் போய் அம்மாவின் முகத்துக்கு நேரே தரையில் குந்தினாள்.

“அம்மா, சொல்லை மீட்டிட்டீங்களோ? மனசுக்குள்ளையாவது?”

தவமணியின் உதடு அசைந்தது. றஞ்சிதா காதைக் கிட்ட வைத்தாள்.

“அழுறது என்ரை பிள்ளையில்லையே, றஞ்சி.”

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. வெயில் சாய்ந்து சுவரில் ஏறும்வரை மூச்சு இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் இடையில் தூரம் கூடிக்கொண்டே போனது. சிவரூபன் வந்து கால்மாட்டில் நின்றான். றஞ்சிதா அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். முற்றத்தில் தறப்பாள் படபடத்தது. சிவரூபன் குனிந்து அவள் தோளைத் தொட்டபோதுதான், தான் காத்திருப்பதை நிறுத்தவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

குளிப்பாட்டிச் சீலை உடுத்தியபின் வள்ளிநாயகி சீப்பை எடுத்தாள். “முடிஞ்சு விடுவமோ, பிள்ளை? இப்பிடியே போறது...”

“விடுங்கோ. அண்ணா வரேல்லைத்தானே.”

வள்ளிநாயகி சீப்பை வைத்துவிட்டாள். தலைமயிரை இரண்டு பக்கமும் பிரித்துத் தோளுக்கு மேலால் முன்னுக்கு எடுத்துவிட்டார்கள். பெட்டிக்குள் அது மார்பு முழுதும் படர்ந்து கிடந்தது.

மறுநாள் சனம் வந்தது. எதிர்பார்த்ததைவிட அதிகம். வழிவிட்டு நின்றவர்களும் வந்தார்கள். படலையில் நின்று அழுதவர்களும் வந்தார்கள். தங்கள் பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நான்கு தாய்மார் பெட்டியின் பக்கத்தில் இருந்தார்கள். அவர்கள் ஒப்பாரி வைக்கவில்லை. கூட்டத்தின் பின்னால் கரைப்பக்கத்துக் கத்தோலிக்கப் பெண்கள் சிலர் நின்றார்கள். பெற்றிசியாவும் நின்றாள். அமிர்தநாயகம் வரவில்லை. வாய்க்கரிசி போடும்போது றஞ்சிதா அம்மாவின் உதட்டைப் பார்த்தாள். நன்றாக மூடிக் கட்டியிருந்தார்கள்.

கொள்ளி வைக்க வேண்டியவன் யார் என்ற கேள்வி வந்தபோது ஒருவரும் நிரோஜனின் பெயரைச் சொல்லவில்லை. அவன் செத்துவிட்டான் என்று இந்த வீட்டில் எழுதிக் கொடுத்தது கிடையாது. இருக்கிறான் என்றால் அவன்தான் வைக்க வேண்டும். பூசாரியார் தொண்டையைச் செருமினார். சிவரூபன் சட்டையைக் கழற்றினான். பறை முழங்கப் பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் ஒழுங்கை முனையோடு நின்றுகொண்டார்கள். சுடலை கடற்கரையில். காற்று எதிரே அடித்ததால் பறைச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

வீட்டைக் கழுவி முடிக்கும்போது பின்னேரமாகிவிட்டது. ஈரத்தரையில் றஞ்சிதா தனியே இருந்தாள். அப்போது பெற்றிசியா வந்தாள். கையில் துணியால் மூடிக்கட்டிய சட்டியும் ஒரு தூக்குவாளியும்.

“உலை வைச்சிருக்க மாட்டியள் எண்டு தெரியும்” என்றாள். “மரக்கறிதான். மீன் வைக்காத சட்டி. புதுசு.”

கீழே வைத்துவிட்டு எதிரே குந்தினாள். உடனே கட்டை அவிழ்க்கவில்லை. கையால் துணியின் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அவர் நேத்து வந்து ஒரு சொட்டுத் தண்ணியும் குடிக்கேல்லை. கொம்மா கையை வைச்சவவாம், எடுத்திட்டாவாம். அதையே சொல்லிக்கொண்டு கிடக்கிறார்.”

றஞ்சிதா தரையைப் பார்த்தாள்.

“நான் உனக்கு ஒண்டு சொல்லுறன் பிள்ளை. நேத்து அவர் கடலிலை நிண்டவர் எண்டு சொன்னன். எனக்குத் தெரியாது. அண்டைக்கு விடிய அவர் வீட்டிலை இல்லை. அதுதான் எனக்குத் தெரிஞ்சது. எங்கை நிண்டனீங்கள் எண்டு நான் கேக்கேல்லை. கேக்கப் பயம். பிறகு கேட்டனான். இல்லை எண்டார். ஆனா அப்ப தலை ஆடத் தொடங்கிட்டுது.” அவள் மூக்கைச் சீறித் துடைத்தாள். “அது ஆடாத காலத்திலை கேட்டிருக்க வேணும்.”

தூரத்தில் யாரோ சைக்கிளில் போனார்கள். சங்கிலி கடகடவென்று கேட்டு அடங்கியது.

“மீட்டவவோ?” பெற்றிசியா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “முடி விரிச்சபடிதானே போனவ. நான் பாத்தனான். அதுதான் கேக்கிறன். போறதுக்கு முதல் ஏதும் சொன்னவவோ? நீதானே கிட்ட இருந்தனீ.”

றஞ்சிதா தலையை நிமிர்த்தினாள். பெற்றிசியாவின் கண்மடலில் கருவாட்டுச் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. கழுவியும் போகாமல் இருந்திருக்கும். வெளிச்சத்தில் அது மினுங்கியது.

“முடி அண்ணாவுக்காக விரிச்சது. அது வேறை” என்றாள் றஞ்சிதா. “சொல்லை மீட்டிட்டா.”

“உன்னட்டைச் சொன்னவவோ?”

“ஓம், மாமி. என்னட்டைச் சொன்னவ.”

“என்னெண்டு சொன்னவ?”

“போதும் எண்டு சொன்னவ. ஆடினது காணும் எண்டு.”

பெற்றிசியா அவளையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவசர அவசரமாகச் சட்டியின் முடிச்சை அவிழ்த்தாள். சாப்பாட்டுக் கோப்பையைத் துணியால் துடைத்துச் சோற்றைப் போட்டாள். பருப்பை ஊற்றினாள். கத்தரிக்காயை வைத்தாள். இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டாள். கை நிற்கவில்லை. கோப்பை நிறைந்து விளிம்பால் சோறு சிந்தியது. அதையும் பொறுக்கிக் கோப்பையிலேயே வைத்தாள்.

“சாப்பிடு” என்றாள். “எல்லாத்தையும் சாப்பிட வேணும்.”

றஞ்சிதா காணும் என்று சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து இருந்தாள். பெற்றிசியா பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள்.